யானைப்பாகனின் கேள்வி

பசித்த குழந்தை உணவுக்காகச் செய்யும் ஒரு செயலைப் பசியறியாத ஒருவர் தொலைவிலிருந்து பார்த்து, அது ஒழுக்கக்கேடு என்று தீர்ப்புச் சொல்லும்போது, அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பது அறவியல் நெடுங்காலமாகப் பல வடிவங்களில் எதிர்கொண்டுவந்த வினா. இக்காலத்தில் அந்த வினாவுக்குப் புதிய வேகம் கூடியிருக்கிறது. போர் நடக்கும் நிலத்தில் கஞ்சி ஊற்றும் இடத்தில் பாத்திரத்தை நீட்டி முண்டியடிக்கும் சிறுவனும், மாவு மூட்டை ஏற்றிய வண்டியில் தொற்றி ஏறும் சிறுமியும், தன்னைவிடச் சிறியவன் கையிலிருந்து ரொட்டியைப் பறிக்கும் பிள்ளையும் சில நொடிகளில் உலகத்தின் கைப்பேசிகளுக்குள் வந்துவிடுகின்றனர். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, பொத்தேரி நிலையத்தில் மின்தொடர் வண்டிக்குக் காத்திருக்கும் மாணவர் கூட்டம் அந்தக் காட்சியைப் பார்க்கிறது. கடல்களுக்கு அப்பால் உள்ள நகரங்களில் இரவுச் சாப்பாட்டை முடித்தவர்களும் பார்க்கின்றனர். பார்த்தவர்களுள் சிலர் இரங்குகின்றனர். சிலர் அந்தப் பிள்ளைகளைத் திருடர் என்றும், வளர்ப்புச் சரியில்லாதவர் என்றும், நடிப்பவர் என்றும், பசித்தவருக்குரிய மெலிவு முகத்தில் இல்லையே என்றும் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்கின்றனர். இவ்வகைத் தீர்ப்பு இரக்கமற்றது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆயினும் இரக்கமின்மை என்பது தீர்ப்புச் சொல்பவரின் மனநிலையைப் பற்றிய குற்றச்சாட்டே தவிர, தீர்ப்பு பிழையானது என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆகவே அது அறிவு நோக்கிலும் அறநோக்கிலும் எங்கே பிழைபடுகிறது என்பதைத் தனித்தனியே காட்ட வேண்டியிருக்கிறது.

முதற்பிழை, ஒரே பெயரால் வழங்கும் இரண்டு பசிகளை ஒன்றெனக் கொள்வதில் தொடங்குகிறது. உண்ண உணவிருந்தும் உண்ணாமல் இருப்பவனின் பசி நோன்பு எனப்படும். உணவு மறுக்கப்பட்டவனின் பசி, மணிமேகலைக் காப்பியம் வழங்கும் சொல்லால், பசிப்பிணி எனப்படும். உடலில் இரண்டும் ஒரே தோற்றத்தைத் தருகின்றன. பொத்தேரிக்குத் தென்கிழக்கே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தின் மேற்பகுதியில், விலா எலும்புகள் தெரிய, ஒற்றைக் காலில், கைகளை உயர்த்தி நிற்கும் தவசி ஒருவன் இருக்கிறான். அவனை அருச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உளர். அவன் அருகில் வரம் அருளும் நிலையில் சிவபெருமான் நிற்கிறார். அந்த எலும்புகள் மன உறுதியின் சான்றாகப் போற்றப்படுவதற்குக் காரணம், அவன் விரும்பிய கணத்தில் கையைத் தாழ்த்தி உணவை எடுத்திருக்கலாம் என்பதே. அதே எலும்புகள் முற்றுகையிடப்பட்ட நிலத்தில் உள்ள குழந்தையின் உடலில் தெரியும்போது, அவை அக்குழந்தையின் தேர்வைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இருந்தும் பார்ப்பவர் மனத்தில் நோன்பின் அளவுகோலே இயங்குகிறது: பசித்தவர் அமைதியாக, பணிவாக, தலை குனிந்து இருக்க வேண்டும் என்றும், பசியே ஒருவரைப் புனிதராக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. நோன்பிருப்பவனுக்கு உரிய கண்ணியத்தைப் பட்டினி போடப்பட்டவனிடம் கேட்பது, கொடையாளிக்கு உரிய புகழைக் கொள்ளை கொடுத்தவனிடம் எதிர்பார்ப்பதற்கு நிகர். அதே பாறையின் கீழ்ப்பகுதியில், தவசியைப் போலவே கைகளை உயர்த்தி ஒரு பூனை நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் இருக்கின்றன. தவத்தின் தோற்றம் தவத்துக்குச் சான்றாகாது என்பது அந்தப் பூனையின் பொருள் என்றால், தவத்தின் தோற்றம் இல்லாமை குற்றத்துக்குச் சான்றாகாது என்பதையும் அதே பாறையிலிருந்து படித்துக்கொள்ள இடமுண்டு.

அந்தச் சிற்பத்துக்குச் சற்று வடக்கே, சரிவில் உருளாமல் நிற்கும் பெரும் உருண்டைக் கல்லை மக்கள் கண்ணனின் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கின்றனர். ஆயர்பாடியின் தலைவன் வீட்டில், பாலும் தயிரும் நிறைந்த மனையில் வளர்ந்த குழந்தை பிறர் வீட்டு உறியில் கைவைத்ததை வைணவ மரபு திருட்டு என்று பெயரிட்டும் குற்றம் என்று கொள்ளவில்லை. அதை லீலை, அதாவது பயன் கருதாத விளையாட்டு, என்று கொண்டாடுகிறது. வெண்ணெய் களவுக்காகக் கண்ணன் உரலோடு கட்டுண்டதை எண்ணிய நம்மாழ்வார் ஆறு மாதம் தன்னை மறந்து கிடந்தார் என்று உரையாசிரியர் மரபு சொல்லும். இறைவன் எளியவனாக இறங்கிவந்ததை வியக்கும் அந்தப் பக்தியில் குறையொன்றும் இல்லை. ஆயினும் ஓர் ஒப்பீடு அதிலிருந்து தானே எழுகிறது: தேவையின்றி எடுத்த குழந்தையின் கையைக் கண்டு உருகும் ஒரு பண்பாடு, தேவையால் எடுத்த குழந்தையின் கையைக் கண்டு முகம் சுளிக்குமானால், அது செயலை அளக்கவில்லை, செய்தவரின் வீட்டை அளக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் குறும்பு, ஏழை வீட்டுப் பிள்ளையிடம் குணக்கேடாகப் பெயர் மாறுவது எந்த ஊரிலும் காணக்கூடியது. போர் அந்த மாற்றத்தை உலக அளவில் நிகழ்த்திக் காட்டுகிறது.

இரண்டாவது பிழை, நோயின் அறிகுறியைக் குணம் என்று படிப்பது. பசி ஒருவரின் நடத்தையை எவ்வாறு மாற்றுகிறது என்பது மனச்சாட்சிக்கு மட்டும் விடப்பட்ட செய்தி அன்று. அது அளந்து அறியப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், போருக்குப்பின் ஐரோப்பாவின் பட்டினி மக்களை மீட்பதற்கு வழி அறியும் பொருட்டு, 36 இளைஞர்களை ஆறு மாத காலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் கொல்லாமையை முன்னிட்டுப் போர்ப்பணியை மறுத்தவர்கள்; பலர் சமயப் பற்றால் அந்த முடிவுக்கு வந்தவர்கள்; பிறர் துயர் தீரத் தம் உடலைத் தாமே முன்வந்து கொடுத்தவர்கள். ஒழுக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லத்தக்க அந்த மனிதர்களே, உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்த நிலையில், இரவும் பகலும் உணவையே எண்ணினர், சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர், தட்டை நக்கினர், சிறு காரணத்துக்கும் சினந்தனர், நண்பரை விட்டு ஒதுங்கினர், சிலர் விதியை மீறி மறைவாக உண்டு ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது, மருத்துவர் இருந்தனர், பட்டினி முடியும் நாள் தெரிந்திருந்தது, குண்டு விழவில்லை. இத்தனை இருந்தும் குலைந்த அமைதியை, இவற்றுள் ஒன்றும் இல்லாத ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது எந்த அறிவின்படி என்பது விடை வேண்டும் கேள்வி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்ற முதுமொழி, மானம், கல்வி, அறிவுடைமை முதலியவற்றை வரிசைப்படுத்தும் பழைய நீதிப்பாடலிலிருந்து வந்தது. அது பசித்தவரைப் பழிக்கவில்லை, பசி என்னும் பிணியின் போக்கை மருத்துவர் போல் குறித்துவைத்தது. மெலிவு தெரியவில்லையே என்னும் ஐயத்துக்கும் மருத்துவம் விடை வைத்திருக்கிறது. குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயில் உடலில் நீர் தேங்கி முகமும் வயிறும் காலும் வீங்குவதால், சாவின் விளிம்பில் இருக்கும் குழந்தையும் பார்வைக்குக் கொழுகொழுவென்று தோன்றக்கூடும். எரிச்சலும் எதிலும் நாட்டமின்மையும் அந்நோயின் அறிகுறிகளுள் அடங்குபவை.

மூன்றாவது பிழை தருக்கத்தைச் சார்ந்தது. காப்பியத் தலைவி மணிமேகலை காஞ்சிபுரத்தில் பௌத்தத் துறவியாகிய அறவண அடிகளிடம் அறம் கேட்கும் காதை, தமிழில் பௌத்த அளவை நூலை, அதாவது எது சரியான அறிவு என்று ஆராயும் நூலை, விரித்துரைக்கும் அரிய பகுதி. பௌத்தர் ஏற்கும் அளவைகள் இரண்டு: புலனுக்கு நேரே தெரிவதாகிய காட்சி, தெரிந்ததைக்கொண்டு தெரியாததைத் துணியும் கருதல். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பது போல என்பது அளவை நூலார் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இங்கே புகை என்பது ஏது, அதாவது முடிவுக்குக் காரணமாகக் காட்டப்படும் அடையாளம். அந்த ஏது, முடிவு உள்ள இடத்தில் மட்டும் இருந்து, முடிவு இல்லாத இடத்தில் இல்லாமல் இருந்தால்தான் செல்லும். இரண்டு இடத்திலும் காணப்படுமானால் அதற்கு அநைகாந்திகம் என்று பெயர், அதாவது ஒருதலையாக எதையும் நிறுவாத போலி ஏது. சிறுவன் ரொட்டியைப் பறித்தான் என்பது காட்சி. அவன் பேராசைக்காரன் என்பது கருதல். பறித்தல் என்னும் ஏது பேராசை உள்ள இடத்திலும் காணப்படுகிறது. பேராசை சிறிதும் இன்றி மூன்று நாள் பட்டினி உள்ள இடத்திலும், வீட்டில் காத்திருக்கும் தங்கைக்காக எடுக்கும் இடத்திலும் காணப்படுகிறது. எனவே அந்த ஏதுவிலிருந்து குணத்தைத் துணியும் தீர்ப்பு, அறவியலின் முன் செல்வதற்கு முன்பே அளவை நூலின் வாசலில் நின்றுவிடுகிறது. காட்சி என்று இன்று கொள்ளப்படுவதும் முழுக்காட்சி அன்று: படம் ஒரு நொடியைத் தருகிறது, அந்த நொடிக்கு முன்னிருந்த பட்டினி நாட்களைத் தருவதில்லை, படமெடுப்பவரைக் கண்டு எல்லாக் குழந்தைகளும் சிரிப்பது போல் அந்தக் குழந்தை சிரித்ததைத் தருகிறது, படமெடுத்தவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தருவதில்லை.

இவற்றைத் தமிழர் தம் அண்மை வரலாற்றிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009இல் வன்னி நிலத்தில், முல்லைத்தீவுக் கரையோரம் சுருங்கிக்கொண்டே போன சிறு பரப்பில் முடிந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, அந்தப் பரப்பில் ஏறக்குறைய 3,30,000 மக்கள் சிக்கியிருந்தனர் என்று கண்டது. அரசு அவர்களின் எண்ணிக்கையை மிகக் குறைத்துச் சொன்னதையும், அந்தக் குறைந்த கணக்கை ஒட்டியே உணவும் மருந்தும் போனதையும் அது பதிவு செய்தது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் பதிவு செய்தது. பிற்பகுதியில் அரிசியும் உப்பும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியே பலருக்கு உணவாயிற்று. அதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஈழத்தமிழர் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். அந்த அறிக்கையில் உள்ள ஒரு நிகழ்வு இங்கே பொருளாகிய வினாவை நேரே தொடுகிறது. 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில், சுகாதாரத் துறையினர் ஏற்பாடு செய்த பால்மா விநியோகத்துக்காகப் பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நின்றிருந்தபோது அந்த வரிசையின்மேல் எறிகணைகள் விழுந்தன. இறந்த தாய்மார் சிலரின் கையில், தம் பிள்ளைக்குப் பால்மா பெறுவதற்குரிய அட்டை பற்றியபடியே இருந்தது.

பசித்தவர்கள் வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் முன்வைக்கும் நிபந்தனையை அந்தத் தாய்மார் நிறைவேற்றியிருந்தனர். அட்டை வைத்திருந்தனர், முறை காத்து நின்றனர். ஒழுங்கு அவர்களைக் காக்கவில்லை என்பதோடு, ஒழுங்காக ஓரிடத்தில் திரண்டு நின்றதே அவர்களை இலக்காக்கியது. வரிசை என்பது மனிதரின் உள்ளே பிறக்கும் நற்குணம் என்பதைவிட, அது ஒரு நம்பிக்கை என்பதே சரி: தன் முறை வரும்வரை உணவு தீராது, தன் முறை வரும்வரை தன் உயிர் இருக்கும் என்ற இரண்டு உறுதிகள் மேல் அது நிற்கிறது. கல்லூரி விடுதி மெஸ்ஸில் தட்டேந்தி அமைதியாக நிற்கும் இளைஞர் வரிசையும் அந்த உறுதிகளின் விளைவே. இரண்டையும் எடுத்துவிட்டால் அந்த வரிசை எத்தனை நாள் தாங்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்க விரும்பமாட்டார்கள். உலக உணவு நெருக்கடிகளை வகைப்படுத்தும் ஐபிசி என்னும் பன்னாட்டு அமைப்பு, காசா ஆளுநரகத்தில் பஞ்சம் நிலவுவதை 2025 ஆகஸ்ட் 22 அன்று உறுதிசெய்தபோது, அங்கே குலைந்திருந்ததும் அந்த உறுதிகளே. குழந்தைகள் முண்டியடித்தது அவர்கள் வளர்ப்பைப் பற்றிச் சொன்னதைவிட, அண்டாவில் இருந்த உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகச் சொன்னது.

தொலைவிலிருந்து பசித்தவரின் குணத்தை அளக்கும் வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததும் அன்று. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, வைசிராய் லிட்டன் பிரபுவின் பேராளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம், தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் வரையறுத்தார். எளிதாகக் கிடைக்கும் உதவி மக்களின் ஒழுக்கத்தைக் கெடுத்துச் சோம்பேறிகளாக்கும் என்பதும், உண்மையில் தேவையுள்ளவரைப் பிரித்தறியக் கடும் உழைப்பும் குறைந்த கூலியும் சோதனையாக வேண்டும் என்பதும் அக்கால ஆட்சியாளரின் கோட்பாடு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்று மருத்துவக் காரணங்களோடு எதிர்த்தார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. டெம்பிள் அதற்கு மூன்றாண்டு முன்பு பீகாரில் தாராளமாக உணவளித்துப் பஞ்சச் சாவைப் பெருமளவு தடுத்தவர் என்பதும், அதற்காக வீண்செலவு செய்தார் என்று பழிக்கப்பட்டவர் என்பதும் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. தீர்ப்புக்கு அஞ்சியவரே தீர்ப்பாளரானார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பஞ்ச நிவாரணக் கூலிகள் தோண்டிய கால்வாய்ப் பகுதி, அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைக் கால்வாய் முழுமைக்கும் பெற்றுத்தந்தது. அந்தக் கால்வாயின் தென்பகுதி மாமல்லபுரத்தின் பின்புறமாகவே மரக்காணம் நோக்கிச் செல்கிறது. தவசியின் எலும்பைக் கல்லில் வடித்துப் போற்றிய ஊரின் முதுகில், எலும்பும் தோலுமானோர் தோண்டிய நீர்வழியின் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்நாட்டின் சமய நூல்கள் இவ்வினாவை அறியாதவை அல்ல. இடர்க்காலத்தில் வழக்கமான விதிகள் தளர்வதை வடமொழி அறநூல்கள் ஆபத்தருமம் என்ற பெயரில் தனியாகவே பேசுகின்றன. பன்னிரண்டு ஆண்டு வற்கடத்தில் விசுவாமித்திர முனிவர் சண்டாளன் ஒருவனின் குடிசையில் புகுந்து நாயிறைச்சியைத் திருட முயன்ற கதையை மகாபாரதத்தின் சாந்தி பருவம் சொல்கிறது. வீட்டுக்காரன் தடுக்க, இருவரும் அறம் பற்றி நெடுநேரம் வாதிடுகின்றனர். உயிர் இருந்தால்தான் அறம் செய்ய முடியும் என்பது முனிவரின் வாதம். இதைவிட நுட்பமானது சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் உஷஸ்தி சாக்கிராயணர் கதை. குரு நாட்டில் பயிர் அழிந்து வறுமையுற்ற அந்த அறிஞர், யானைப்பாகன் என்று பொருள் கொள்ளப்படும் ஒருவன் மட்டமான பயற்றை உண்டுகொண்டிருப்பதைக் கண்டு இரக்கிறார். தான் உண்ணும் எச்சிலைத் தவிர வேறில்லை என்கிறான் அவன். அதையே கொடு என்று வாங்கி உண்கிறார். பிறகு அவன் நீர் தர, எச்சில் நீரைக் குடிப்பதற்கில்லை என்று மறுக்கிறார். அப்படியானால் பயறு எச்சில் இல்லையா என்று அவன் கேட்கிறான். அதை உண்ணாவிடில் உயிர் நில்லாது, நீரோ வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்பது அவர் விடை. உயிர்க்கு இறுதி நேரும்போது எவ்வுணவும் ஏற்கத்தக்கது என்று பிரம்மசூத்திரம் வகுக்கும் இடத்தில் இந்த நிகழ்வையே உரையாசிரியர்கள் சான்று காட்டுகின்றனர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் உரையும் அவ்வழியே செல்கிறது. பிற சமயங்களும் இங்கே உடன்படுகின்றன. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டில் சாம்பல் ஆண்டு எனப்பட்ட பஞ்சம் வந்தபோது, கலீபா உமர் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார் என்றும், மக்களுக்கு நெய் கிடைக்கும்வரை தாமும் நெய் உண்ணவில்லை என்றும் இசுலாமிய மரபு கூறும். கடுந்தேவையில் இருப்பவன் உயிர் காக்கப் பிறர் பொருளை எடுப்பது திருட்டே அன்று என்று கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாதிட்டார்.

இவற்றுக்கு எதிராகத் திருக்குறளை நிறுத்துவார் உண்டு. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்று வள்ளுவர் சொல்லியிருக்க, பசி எப்படி விலக்கு ஆகும் என்பது அவர்கள் கேள்வி. விடை அந்தக் குறள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அது பொருட்பாலில், அமைச்சர்க்குரிய இயல்புகளைச் சொல்லும் வரிசையில், வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில் வருகிறது. காஞ்சிபுரத்தோடு மரபு இணைத்துப் பேசும் உரையாசிரியர் பரிமேலழகர் இம்முரணைத் தெளிவாகவே எதிர்கொள்கிறார்: முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும் எல்லையில் தீயன செய்தேனும் அவர்களைக் காக்கலாம் என்பது அறநூலின் பொதுவிதி என்று அவர் ஒப்புக்கொள்கிறார், அரசியல் தொழிலும் உயர்ந்த மதிப்பும் உடைய அமைச்சர்க்கு அந்தச் சலுகை இல்லை என்பதாலேயே வள்ளுவர் இவ்வாறு கூறினார் என்று விளக்குகிறார். அதாவது கடுமையான விதி அதிகாரம் உடையவர்க்கு, தளர்ந்த விதி பசித்தவர்க்கு. இன்றைய தீர்ப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: வழியை அடைத்தவருக்கும் கணக்கைக் குறைத்தவருக்கும் போர்க்காலத் தேவை என்னும் விலக்கை வழங்கிவிட்டு, அமைச்சருக்கு வைத்த அளவுகோலால் குழந்தையை அளக்கிறது. அதே வள்ளுவர், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கும்போது, பழி கீழ்நோக்கிப் போகாமல் மேல்நோக்கிப் போவதையும் காணலாம். இந்தியக் குற்றவியல் சட்டமும் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதையும் குற்றமாகக் கொள்வதில்லை. பன்னிரண்டுவரை முதிர்ச்சியை ஆராயச் சொல்கிறது. பசியும் போரும் இல்லாத குழந்தைக்கே சட்டம் கொடுத்த இடம் அது.

எனினும் ஓர் எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. பசித்த குழந்தையைப் பழிக்கவே கூடாது என்றால், அக்குழந்தைக்கு அறவாழ்வே இல்லை, அது பசியால் இயங்கும் ஒரு பொறி என்று ஆகிவிடாதா? கிடைத்த பாதிக் கிண்ணக் கஞ்சியைத் தம்பிக்கு வைத்துவிட்டு வரும் பிள்ளையின் செயலுக்குப் பெயர் இல்லாமல் போய்விடாதா? உஷஸ்தியின் கதையில் பின்பாதி ஏன் தேவைப்பட்டது என்பது இங்கேதான் விளங்குகிறது. அவர் பயற்றை ஏற்றதோடு கதை முடிந்திருந்தால், பசி எல்லாவற்றையும் விழுங்கும் என்பது மட்டுமே அதன் பொருள். நீரை மறுத்ததால், தேர்வு எஞ்சியிருக்கும் இடத்தில் அறமும் எஞ்சியிருக்கிறது என்று அது காட்டுகிறது. ஆனால் எல்லைக்கோட்டை இட்டவர் உண்டவரே. அருகில் நின்றவன் அதை இடவில்லை. எது இன்றியமையாதது, எது தள்ளத்தக்கது என்பதை அந்த உடலுக்குள் இருப்பவரே அறிவார். ஆகவே பகிர்ந்த பிள்ளையைப் புகழலாம், பறித்த பிள்ளையைப் பழிக்க இயலாது என்னும் சமமின்மை முரண்பாடு அன்று: கடமைக்கு மேலான செயல் புகழைப் பெறும், அதைச் செய்யாதவர் கடமை தவறியவர் ஆகமாட்டார். அந்தப் புகழையே பிற குழந்தைகளைக் குத்தும் கோலாக மாற்றினால் அதுவும் தீர்ப்பே ஆகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலியவன் மெலியவனைத் தள்ளும் கூட்டத்தில் சிறு குழந்தைகள் பட்டினி கிடக்காமல் இருக்க ஏற்பாடு வேண்டாமா என்பது வேறு வினா; அதற்குத் தனி வரிசையும், போதிய அளவும், பல இடங்களில் விநியோகமும் விடை. அவை நிர்வாகத்தின் வேலை. பழிச்சொல் அவற்றுள் ஒன்றையும் செய்வதில்லை.

மணிமேகலையில் காயசண்டிகை என்னும் பெண், விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். பசி ஆற வழியற்ற முனிவர், அவளும் பன்னிரண்டு ஆண்டு தீராப் பசியால் வாடுமாறு சபிக்கிறார். தவத்தில் முதிர்ந்தவரையே ஒருவேளை உணவின் இழப்பு இப்படிச் செய்தது. அந்தப் பசியை ஆற்றும் மணிமேகலை அவள் செய்த பிழையை விசாரிக்கவில்லை. அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் கலத்திலிருந்து ஒரு பிடி உணவை இட்டாள். அந்த மரபின் அண்மை வாரிசாகிய வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, பசித்தவரிடம் விசாரிக்கக் கூடாதவை என்று நான்கைக் குறித்தார்: தேசம், சமயம், சாதி, செய்கை. முதல் மூன்றும் சீர்திருத்தக்காரர் பலரும் சொல்லும் பட்டியல். நான்காவதாகச் செய்கையைச் சேர்த்தது அவருடைய தனிக்கூர்மை. வந்தவர் எப்படி நடந்துகொள்கிறார், எப்படி நடந்துகொண்டவர் என்பதும் சோற்றுக்கு முன் கேட்கத்தக்க கேள்வி அன்று.

யானைப்பாகனும் கேள்வி கேட்டவன்தான். அவன் கேள்வியில் கூர்மையும் இருந்தது; அதற்கு அறிஞர் பொறுமையாக விடையும் சொன்னார். அந்த உரையாடல் இழிவாகத் தோன்றாமல் நிற்பதற்குக் காரணம் அதன் முறைவைப்பு: தன் தட்டில் இருந்ததை அவன் முதலில் கொடுத்தான், கொடுத்த பின் கேட்டான், கேட்டதும் தீர்ப்புக்காக அன்று, அறிவதற்காக. தட்டில் இருந்ததைக் கொடுக்கவும் இயலாத தொலைவில் இருப்பவருக்குக் கேள்வியே இல்லை என்பது இதன் முடிவு அன்று. அவருக்கும் கேட்கவேண்டியவை உண்டு: 3,30,000 பேரைக் குறைத்துக் கணக்கிட்டவர் யார், வெளியேறும் வழியை அடைத்தவர் யார், பால்மா வரிசையின்மேல் எறிகணை எங்கிருந்து வந்தது. அவற்றுக்கு விடை சொல்லக்கூடிய வயதில் உள்ளவர்கள் இருக்கின்றனர்.